ஓடிக் காட்டாத டிரில் டீச்சர்

பாளையங்கோட்டையில் நான் இண்டர்மீடியட் படித்த வருடம்தான் எங்கள் கல்லூரியில் பெண்களுக்குத் தடை ஓட்டம் வைத்தார்கள். அதற்கு முன்னால் சாதாரண ஓட்டம், நீளத் தாண்டல், வளையப்பந்து, அவ்வளவுதான். மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும் என்று சொன்னபோது பாதிப் பேர் சிரித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். நான் விலகவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் வலைகளையும் நங்கூரக் கயிறுகளையும் தாண்டி ஓடி வளர்ந்தவள் நான். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது.

நாங்கள் சேலையில்தான் ஓடினோம். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, முந்தானையை இறுக்கிச் சுற்றி, ஊக்கு குத்திக்கொள்வோம். வேறு உடையில் ஓடலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

இறுதிப் போட்டியில் நான்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓடுகிறவளின் மூச்சுச் சத்தம் பின்தங்கிப் போனது நன்றாகக் கேட்டது. அடுத்த சட்டத்துக்கு எழும்பும்போது இடுப்பில் ஊக்கு விட்டுப்போனது. கொசுவம் சரிந்தது. முன்கால் தாண்டிவிட்டது. பின்கால் விரல்கள் துணி மடிப்புக்குள் மாட்டிக்கொண்டன. சட்டத்தோடு சேர்ந்து நான் தரையில் விழுந்தபோது வலது முழங்கால் எனக்கு அடியில் தவறான பக்கமாகத் திரும்பியிருந்தது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓடி வந்தவர்கள் என்னைத் தூக்கவில்லை. முதலில் என் சேலையை இழுத்துக் காலை மூடினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் அந்த வலியில் கையை நீட்டித் துணியைத்தான் இழுத்தேன். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த நாளில் டாக்டரம்மா என் காலை மடக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

"நடக்கலாம்மா. மாடிப்படி ஏறும்போது கஷ்டமா இருக்கும். ஓடுறதை மட்டும் மறந்திரு" என்றார்.

பரீட்சை எழுதாமலே ஊருக்குத் திரும்பினேன். என் அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சரக்கேற்றிப் போகும் பாய்க்கப்பலை ஓட்டுகிறவர். அவர் கரையில் இருக்கும் நாட்கள் குறைவு. என்னை ரயிலடியில் பார்த்ததும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் நடைக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்தார். வேகமாக நடந்து பழகிய மனிதர் அவர். அப்படி அவர் நடையைக் குறைத்துக்கொண்டதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

எனக்கு ஏற்கெனவே ஒரு வரன் பேசி வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களிலேயே கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிற பையன். நான் வந்து சேர்ந்த சில நாட்களில் அவனுடைய அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் காப்பித் தட்டைக் கையில் கொடுத்தாள்.

"மெதுவா வா. அவசரப்படாத. காலை ஊனி நட" என்று ரகசியமாகச் சொன்னாள்.

குசினியிலிருந்து முன்னறைக்கு அதிக தூரமில்லை. அந்த அத்தை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தட்டையும் பார்க்கவில்லை. என் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கப் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டும்போது கால் இழுத்தது. காப்பி தட்டில் சிந்தியது.

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, மாதா கோவில் திருநாளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பேச்சே இல்லை. அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வாசற்படியை எந்தக் காலால் தாண்டியிருக்க வேண்டும் என்றுதான் என் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இடது காலை முதலில் வைத்திருந்தால் சிந்தியிருக்காது.

அப்போது யுத்தம் எங்கள் கடலுக்கும் வந்துவிட்டது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. கையில் வசதி இருந்தவர்கள் குடும்பத்தைச் சாத்தான்குளம் பக்கம், உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதாகோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்த அம்மாளும் அப்படிப் போய்விட்டார். பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரி, மதர் என்று நாங்கள் கூப்பிடும் பெல்ஜியத்துப் பெண்மணி, என்னை வரச் சொல்லி அனுப்பினார். அவர் பேசுகிற தமிழ் புத்தகத் தமிழ்.

"நீ விளையாட்டில் தேர்ந்தவள் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆசிரியை திரும்பி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாயா?"

"மதர், என்னால ஓட முடியாது."

"நீ ஓட வேண்டாம். அவர்கள் ஓடட்டும்."

சொல்வதற்கு எளிதாக இருந்தது. முதல் நாளே பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "டீச்சர், நீங்க ஓடிக் காட்டுங்க, நாங்க அதே மாதிரி ஓடுதோம்" என்றார்கள். அவர்கள் கேலிக்குக் கேட்கவில்லை. டிரில் என்றால் டீச்சர் செய்வதைப் பார்த்துச் செய்வது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். பின்வரிசையில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். எல்லோருடைய பார்வையும் என் காலுக்கு இறங்கியது. காப்பித் தட்டோடு நடந்த நாளில் இருந்த அதே நெருப்பு என் கழுத்தில் ஏறியது.

"நான் ஓட மாட்டேன். நீங்க ஓடுங்க. நான் பாக்கேன்" என்றேன்.

அப்படித்தான் பார்க்கப் பழகினேன். நான் ஓடிய காலத்தில் நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. உடம்பு அதுபாட்டுக்கு ஓடியது. இப்போது ஒவ்வொருத்தியும் எங்கே வேகத்தை இழக்கிறாள், எதனால் இழக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து, அதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. "வேகமா ஓடு" என்று சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தூக்கினார்கள், இன்னும் மெதுவானார்கள். "முழங்கையைப் பின்னால தள்ளு" என்றால் கால் தானாக நீண்டது. சில நாள் நான் சொன்ன வார்த்தை தப்பாகப் போய் நன்றாக ஓடியவளும் கெட்டுப்போவாள். வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு அவள் ஓட்டத்தை மறுபடியும் மனதில் ஓட விட்டுப் பார்ப்பேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் சிப்பியும் கல்லுமாகக் கிடந்ததால், கடல் உள்வாங்கும் நேரத்தில் ஈரமணலுக்குக் கூட்டிப்போவேன். துறைமுகப் பக்கம் சிப்பாய்கள் காவல் இருந்தார்கள், அங்கே போக விடமாட்டார்கள். சங்கு குளிக்கிறவர்கள் வள்ளங்களை ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கு வடக்கே கொஞ்சம் வெற்று மணல் கிடந்தது. அங்கே பனைமட்டைகளைக் கவைக்கம்புகளின்மேல் சும்மா வைத்து, தட்டினால் விழுகிற மாதிரித் தடை செய்தேன்.

தாண்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது விழுவதற்கு. எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. கையை ஊன்றாதே, தோளைக் கொடு, உருண்டு எழுந்திரு. தினமும் பயிற்சி தொடங்கும்போது எல்லோரும் மணலில் விழுந்து எழ வேண்டும். வீட்டில் பாவாடையெல்லாம் மண் என்று ஏச்சு வாங்கினார்கள். வள்ளக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். "ஏளா, டீச்சர் ஓடச் சொல்லிக் குடுக்காளா, விழச் சொல்லிக் குடுக்காளா?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் தனியாகத் தெரிந்தார்கள். ஒருத்தி மணப்பாட்டுப் பிள்ளை. போர்டிங்கில் தங்கிப் படித்தாள், தகப்பன் கப்பலில் வேலை. முரட்டுப் பிடிவாதக்காரி. இன்னொருத்தி பெரிய கடைத்தெருவில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மகள். மெலிந்த உடம்பு, பேச்சே கிடையாது. ஆனால் அவள் ஓடும்போது மணலில் கால் பட்டதே தெரியாது. அவளைப் போல ஓடுகிற ஒருத்தியை நான் கல்லூரியிலும் பார்த்ததில்லை.

ஒரு நாள் பயிற்சிக்கு நடுவில் சங்கு ஊதியது. விமானத் தாக்குதலுக்கான அபாயச் சங்கு. கரையில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். "பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க, பதுங்குகுழிக்குள்ள இறங்குங்க, யாரும் நிக்காதீங்க" என்று கத்தினேன். பிள்ளைகள் சிட்டாகப் பறந்தார்கள். நான் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தேன். மணலில் என் கால் புதைந்தது. சங்கு விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. கரையில் நான் ஒருத்திதான். வானத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எதிரே மணப்பாட்டுப் பிள்ளை திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"ஏன்ளா திரும்பி வந்த? ஓடு!"

"நீங்க இங்கன நிக்கையில நான் எப்படி டீச்சர் போவேன்?" என் கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். என்னை இழுத்துக்கொண்டே பள்ளிக்கூட வாசல்வரை வந்தாள். குண்டு எதுவும் விழவில்லை. யாரோ தவறுதலாக ஊதிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

அடுத்த சில மாதங்களில் பயம் கொஞ்சம் தணிந்தது. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டி நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. நான் விழுந்த அதே கல்லூரி மைதானம். தடை ஓட்டமும் உண்டு. நான் மதரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். பிள்ளைகள் பாவாடையில் தடை தாண்ட மாட்டார்கள். முழங்கால்வரை கால்சட்டை தைக்க வேண்டும்.

"பெற்றோர் சம்மதித்தால் எனக்குச் சம்மதம். ஆனால் மானேஜர் சாமியிடம் நீதான் பேச வேண்டும்" என்றார் மதர்.

பள்ளியின் மானேஜர் எங்கள் பங்குச் சாமியார்களில் ஒருவர். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆம்பளைக உடுப்பை மாட்டிக்கிட்டு நம்ம பொம்பளப்பிள்ளைக ஊர் முன்னால ஓடவா? நாளைக்கு ஊர்க்காரன் என் வாசல்ல வந்து நிப்பான்."

"சாமி, துணி தடுக்கித்தான் என் கால் போச்சு."

"அப்ப ஓடாம இருந்தா ஆச்சு."

கூட வந்திருந்த மதர் குறுக்கிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். கடைசியில் சாமியார் என்னைப் பார்த்து, "ஒரு பிள்ளைக்கு அடிபட்டாலும் சரி, ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தாலும் சரி, மறுநாள் நீ இங்க வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

போர்டிங் பிள்ளைகளுக்கு மதரே பொறுப்பு. மற்றவர்களின் வீடுகளுக்கு நான் போனேன். அண்ணாச்சி கடையில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"பள்ளிக்கொடத்துக்குள்ள என்ன வேணும்னாலும் சொல்லிக் குடுங்க டீச்சரம்மா. நாலு ஊரு ஆம்பளைக நிக்குத எடத்துல எம்பிள்ளை கால்சட்டை போட்டு ஓடணுமாக்கும்? அவ அம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க. எனக்கு இதுல பேச்சே இல்ல."

கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் புடைப்பதை நிறுத்தவே இல்லை. வேறு வழி தெரியாமல் கதவைச் சாத்தச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கினேன். ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு எங்கள் அம்மாவைத் தவிர யாரும் அதைப் பார்த்ததில்லை. முழங்கால் சில்லு ஒரு பக்கமாக ஒதுங்கி, சுற்றிலும் தோல் கறுத்து, தொடை மற்றதில் பாதியாக வற்றிப்போயிருந்தது.

சுளகை அவர் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். விரல்களில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"வலிக்கா?"

"மழைக்காலத்துல வலிக்கும். சேலை தடுக்கி விழுந்தேன் அக்கா. கால்சட்டை போட்டிருந்தா விழுந்திருக்க மாட்டேன். அதுக்குத்தான் கேக்கேன்."

அவர் என் சேலையை இழுத்து மூடிவிட்டு எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் குரல் கல்லாக இருந்தது.

"இந்தக் காலைக் காட்டிட்டா எம்பொண்ணக் கேக்க வந்திய? பெத்தவ ஒருத்தி உங்க வீட்ல அழுதுகிட்டு இருப்பாளே, அவளை நெனச்சியளா? எம்பிள்ள ஓடவும் வேண்டாம், விழவும் வேண்டாம். இனிமே மணலுக்கும் அனுப்ப மாட்டேன்."

கதவோரம் நின்ற பெண் ஒரு சத்தமும் போடாமல் உள்ளே போய்விட்டாள். நான் தெருவில் இறங்கி நடந்தேன். கால்சட்டைக்காகக் காட்டிய கால், ஓட்டத்தையே நிறுத்திவிட்டது. என்னிடம் இருந்த ஒரே சாட்சி எனக்கு எதிராகவே பேசிவிட்டது.

தடை ஓட்டத்தில் அவளுக்குப் பதிலாக மணப்பாட்டுப் பிள்ளை ஓடுவதென்று முடிவானது.

போட்டிக்குப் போகும் நாளில் ரயிலடியில் அண்ணாச்சி மனைவி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகள். "பிள்ளைக எல்லாம் போவுதுன்னு அழுதா. வேடிக்கை பாக்கத்தான் வாரா. நானும் கூட வாரேன். நீங்க ஏமாத்தி ஓட விட்ருவியன்னு எனக்குப் பயம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாளையங்கோட்டைவரை என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் கால் வைத்ததும் என் கண் நான் விழுந்த இடத்துக்குத்தான் போனது. மரச்சட்டங்கள் அதே இடத்தில் நின்றன. போட்டியை நடத்திய அதிகாரி அம்மாள் எங்கள் பிள்ளைகள் பாவாடைக்குள் கால்சட்டை போட்டிருப்பதை யார் மூலமோ தெரிந்துகொண்டு நேராக வந்தார்.

"பாவாடையைக் கழட்டினா உங்க ஸ்கூல் பேரை அடிச்சிடுவேன். இது கண்ணியமான இடம்."

நான் பேச வாயெடுத்தேன். மதர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படியானால் நாங்கள் அடுத்த ரயிலில் திரும்புகிறோம். எங்கள் பிள்ளைகள் எல்லோரும்" என்றார் அமைதியாக.

யுத்தத்தால் வழக்கமாக வரும் பள்ளிகள் பல வரவில்லை. நாங்கள் போய்விட்டால் பாதிப் போட்டிகளுக்கு ஆளே இல்லை. அதிகாரி அம்மாள் மேடைக்குப் போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். கோடுவரை பாவாடையோடு நடந்து வர வேண்டும், ஓடி முடித்ததும் உடனே கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். மானேஜர் சாமியாரும் வந்திருந்தார். மேடையில் ஓரமாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டில் நின்று மணப்பாட்டுப் பிள்ளை பாவாடையை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். வேலியோரம் சீழ்க்கைச் சத்தம் கிளம்பியது. எவனோ ஏதோ கத்தினான். அவள் காது சிவந்தது.

"அங்கன பாக்காத. முதல் தடையை மட்டும் பாரு" என்றேன்.

"உங்க கை நடுங்குது டீச்சர்" என்றாள் அவள்.

விசில் ஊதியது. அவள் தாமதமாகத்தான் கிளம்பினாள். முதல் தடையில் எல்லோருக்கும் பின்னால் இருந்தாள். அடுத்ததில் ஒருத்தியைப் பிடித்தாள். நான் கயிற்றுக்கு வெளியே அவளோடு கூடவே நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நடுவில் அவள் முன்னுக்கு வந்தாள். சீழ்க்கை நின்றுவிட்டது. அடுத்த தடைக்கு அவள் சீக்கிரமே எழும்பிவிட்டாள். எழும்பிய கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்கால் சட்டத்தில் பட்டது. சட்டமும் அவளும் சேர்ந்து விழுந்தார்கள்.

பெண்கள் கூட்டம் "ஐயோ" என்று எழுந்தது. என் பக்கத்திலேயே அண்ணாச்சி மனைவியின் அலறல் கேட்டது. நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போயிருந்தேன். அவள் தோளில் விழுந்தாள், உருண்டாள், எழும்பி நின்றாள். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. மற்றவர்கள் கடந்து போய்விட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

நில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. அவளுக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேடையில் சாமியார் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அவள் இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நின்றதை என் கண் பார்த்துவிட்டது.

"ஓடுளா!" என்று கத்தினேன்.

அவள் ஓடினாள். மீதித் தடைகளையும் தாண்டி, எல்லோருக்கும் கடைசியாக, ரத்தம் சொட்டச் சொட்டக் கோட்டைத் தொட்டாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணாச்சி மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, அவள் முழங்காலை மடக்கினார், நீட்டினார், மறுபடியும் மடக்கினார். மற்ற காலையும் அப்படியே பார்த்தார். பிறகு தன் முந்தானையைக் கிழித்து முழங்கைக் காயத்துக்குக் கட்டினார்.

சாமியார் இறங்கி வந்தார். "விழுந்துட்டாளே" என்றார்.

"எந்திரிச்சிட்டா சாமி."

அவர் பிள்ளையைப் பார்த்தார். அவள் ஓரமாக நின்று பாவாடையைக் கட்டிக்கொண்டு, யாரோ கொடுத்த சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். சாமியார் மேடைப் பக்கம் திரும்பி நடந்தார். எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் அண்ணாச்சி மனைவி மணியாச்சி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"இவளுக்கும் அதே மாதிரி விழச் சொல்லிக் குடுங்க" என்றார், மகளைக் காட்டி. "ஓடுறதைப் பெறவு பாப்போம்."

அந்தப் பெண் சத்தம்போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

என் வேலை அப்படியும் உறுதியாகவில்லை. யுத்தம் ஓயும் சமயத்தில் பழைய டிரில் டீச்சர் திரும்பி வரப்போவதாகக் கடிதம் போட்டார். அவரிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது, என்னிடம் இல்லை. மதர் என்னைச் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். நேர்காணலில் நான் அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்ததுமே ஒருவர் பேனாவை மூடிவிட்டார்.

"உங்களால நூறு கஜம் ஓட முடியுமா?"

"முடியாது சார்."

"குனிந்து, முழங்காலை மடக்கி உட்கார?"

"முடியாது."

"அப்ப எப்படிச் சொல்லித் தருவீங்க?"

வெளியே மைதானத்தில் மாணவிகள் சிலர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒருத்தியைக் காட்டி, அவள் இடது கை நெஞ்சுக்குக் குறுக்கே வருகிறது, அதனால் உடம்பு ஒவ்வொரு எட்டுக்கும் திரும்புகிறது, கையை மட்டும் சரிசெய்தால் போதும் என்றேன். அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் சொன்னபடி ஓடினாள். முதல் தடவை ஒன்றும் மாறவில்லை. இன்னும் ஒரு தடவை வேறு வார்த்தையில் சொன்னேன். கொஞ்சம் மாறியது. கொஞ்சம்தான். பேனாவை மூடியவர் கடைசிவரை திறக்கவில்லை. ஆனால் குழுவில் இருந்த ஒரு பெண்மணி, "ஒரு வருஷம் பாக்கலாம்" என்று பிடிவாதமாகச் சொன்னார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வெகுநேரம் வாதாடினார்கள். கதவு திறந்தபோது அந்தப் பெண்மணிதான் வந்தார். "போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து ஹாஸ்டல்ல வைங்க" என்றார்.

அந்த ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்த அவமானங்களைச் சொல்லி மாளாது. செய்முறைப் பரீட்சையில் பாதி எனக்கு முடியாதவை. முடிந்தவற்றில் முதலாவதாக வந்தேன். சான்றிதழோடு ஊருக்கு வந்தபோது பழைய டீச்சர் மனதை மாற்றிக்கொண்டு சாத்தான்குளத்திலேயே தங்கிவிட்டிருந்தார். மானேஜர் சாமியார் என்னை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டார். தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சுதந்திரம் வந்த பிறகு அண்ணாச்சி மகள் எங்கள் பள்ளிக்காகச் சென்னையில் நடந்த போட்டியில் ஓடப் போனாள். அண்ணாச்சி ஒரு தடவைகூட அவள் ஓடிப் பார்த்ததில்லை. தனக்கு இதில் பேச்சே இல்லை என்று அன்றைக்குக் கடையில் சொன்ன வார்த்தையை அவர் மாற்றவில்லை. ஆனால் அணிக்கு என்று ஒரு டப்பா பனங்கற்கண்டு கடைப்பையன் மூலம் ரயிலடிக்கு வந்துவிடும். அவர் மனைவியோ ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டுச்சோற்றோடு வந்துவிடுவார். கால்சட்டைகளைத் தைப்பதும் அவர்தான். மற்ற வீடுகளில் போய்த் தாய்மாரிடம் பேசுவதும் அவர்தான். நான் ஒரு மணி நேரம் பேசி நடக்காதது அவர் நாலு வார்த்தை பேசினால் நடந்தது.

சென்னை மைதானத்தில் வாசலில் எங்களை நிறுத்தினார்கள். பயிற்சியாளரும் அணி மேனேஜரும் மட்டும் உள்ளே வரலாம் என்றார் வாசலில் நின்றவர்.

"நீங்க?"

"பயிற்சியாளர்" என்றேன். அந்த வார்த்தையை என்னைப் பற்றி நானே வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இந்த அம்மா?"

சோற்றுமூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"மேனேஜர்" என்றேன்.

அன்று அவர் மகள் நான்காவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் மூட்டையைப் பிரித்து எலுமிச்சம்பழச் சோற்றை வாழையிலையில் வைத்து ஒவ்வொருத்தியின் கையிலும் கொடுத்தார். தன் மகளுக்குக் கொடுக்கும்போது என் பக்கம் திரும்பி, "கடைசியில தோளைத் தூக்கிட்டா டீச்சர், பாத்தியளா?" என்றார்.

நானும் அதைத்தான் பார்த்திருந்தேன்.